சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த இடம்

அந்த மருத்துவமனையைப் பற்றி நான் இதுவரை இருநூறு பக்கமாவது எழுதியிருப்பேன். மண் எப்படி, தண்ணீர் எங்கே ஓடுகிறது, எத்தனை மரம், எத்தனை பறவை, யார் எங்கே நடக்கிறார்கள், எல்லாம் எழுதியாயிற்று. பரிசுக்கு விண்ணப்பம் எழுதினேன். பரிசு வந்ததும் வழவழப்பான தாளில் ஒரு சிறு புத்தகமும் போட்டோம். அத்தனை பக்கத்தில் ஒரு வரியில்கூடச் சலவைக்கூடத்து லாண்டரிக்கா இல்லை. அந்த வெட்கம் தாங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கண்காணிப்பாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் லாண்டரிக்காதான். சொந்தப் பெயரைக் கேட்டால், "சம்பள ரிஜிஸ்டர்ல இருக்கும், போய்ப் பாத்துக்கோங்க" என்பார். ஐம்பதைத் தொடும் வயது. ஆள் குள்ளம், ஆனால் முழங்கைக்குக் கீழே கை மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியதுபோல் கனமாக இருக்கும். முப்பது வருஷமாக ஈரத் துணி தூக்கினால் அப்படித்தான் ஆகுமாம். காலை ஆறு மணிக்கு வந்து இரண்டு பெரிய துவைக்கும் இயந்திரங்களையும் தட்டி எழுப்புவார். ஒன்றுக்குப் பெயர் மூத்தவன், இன்னொன்றுக்கு இளையவன். பிழியும் இயந்திரம் போடுகிற சத்தத்துக்கு அதன் பெயர் மாமியார். ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்புகள். ரத்தக் கறை பட்டதை எல்லாம் தனியாகப் பிரித்துப் பச்சைத் தண்ணீரில் ஊற வைப்பார். "சுடுதண்ணியில போட்டீங்கன்னா கறை அங்கயே குடித்தனம் பண்ணிடும்" என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார்.

விரிப்பைக் கையில் எடுத்த உடனேயே அதில் படுத்தவர் தூங்கினாரா இல்லையா என்று சொல்லிவிடுவார். நான் முதலில் நம்பவில்லை. ஒரு நாள் மூன்று விரிப்புகளை என் முன்னால் விரித்துக் காட்டினார். ஒன்று நடுவில் மட்டும் கசங்கியிருந்தது. அவர் நன்றாகத் தூங்கியவர். ஒன்று ஓரம் முழுக்க முறுக்கியிருந்தது. ராத்திரி முழுக்கக் கையால் பிடித்துக்கொண்டே படுத்திருக்கிறார். மூன்றாவது தலைமாட்டில் மட்டும் ஈரம். "இத நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்" என்றார்.

என் தொழில் தோட்டம் வரைந்து கொடுப்பது. அப்படிச் சொன்னால் எங்கள் அலுவலகத்தில் கோபித்துக்கொள்வார்கள். சூழலியல் நிலவடிவமைப்பு என்று சொல்ல வேண்டும். மனிதனுடைய நலத்தையும் இயற்கையையும் இணைப்பது எங்கள் வேலை என்று எங்கள் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தை எழுதியது நான்தான். அந்த மருத்துவமனையில் மனம் சரியில்லாதவர்கள் வருஷக்கணக்கில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு மரமும் தண்ணீரும் பறவையும் கண்ணில் படும்படி ஒரு தோட்டம் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நானும் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் இறங்கினேன். என்னை முதன்முதலாகப் பார்த்த லாண்டரிக்கா, மேலும் கீழும் அளந்துவிட்டு, "என்ன மேடம், யானை பிடிக்கக் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று நடந்துவிட்டேன்.

அவர் அங்கே வேலைக்கு வந்த கதையை அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் ஒன்பது வயது இளைய தம்பியை இவர்தான் வளர்த்தார். தம்பி வயரிங் வேலை கற்றுக்கொண்டான். கை சுத்தம், வாய்தான் ஓயாது, வேலை செய்கிற வீடுகளில் எல்லாம் சிரிப்புச் சத்தமாக இருக்குமாம். இருபத்து நான்காவது வயதில் ஒரு நாள், பாதி வேலையில் ஏணியிலிருந்து இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தான். விழவில்லை, ஷாக் அடிக்கவில்லை. "இறங்கினான், உக்காந்தான், அதோட பேச்சு நின்னுபோச்சு" என்பார் அக்கா. வேறு விளக்கம் அவரிடமும் இல்லை, மருத்துவர்களிடமும் பெரிதாக இல்லை.

அவனை இந்த மருத்துவமனையில் சேர்த்த மாதமே அக்கா வேறொரு சலவைக்கூடத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தார். தம்பியா நானா, முடிவு பண்ணு என்று கணவர் கேட்டாராம். "முடிவெடுக்க அரை நிமிஷம் ஆச்சு. அதுகூட அந்தாளு சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு இருந்தேன், பாதியில விட்டா கருகிடும்" என்றார். இதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். இது நடந்து பதினேழு வருஷம் ஆகிறது. தம்பி ஏழாம் வார்டில். அக்கா அந்த வார்டிலிருந்து நூறு அடி தள்ளி.

இப்போது அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். சலவைக்கூடத்தின் பின்கதவைத் திறந்தால் சுற்றுச்சுவர். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு எட்டு வைக்கும் அகலத்துக்குச் சேறு. அதில் இடுப்பு உயரக் கோரை, அகலமான சேம்பு இலைகள், ஓரத்தில் படர்ந்த கீரை. வார்டுகளிலிருந்து கழித்துக்கட்டிய மூன்று நாற்காலிகளும் மெத்தை இல்லாத ஓர் இரும்புக் கட்டிலும் கிடந்தன. சேற்றுக்கு நடுவே உடைந்த தரை ஓடுகள். நான் காலை பதினோரு மணிக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன்.

எங்கள் ஆய்வுப் படிவத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் குறி போட வேண்டும். நான் போட்டவை மூன்று. களை மண்டியது. மாசடைந்த நீர் தேங்கியது. கட்டடக் கழிவு கொட்டப்பட்டது. மூன்று குறிகள் ஒரே இடத்தில் விழுந்தால் வரைபடத்தில் அந்த இடம் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் என்றால் சுரண்டி எடுக்க வேண்டியது என்று அர்த்தம். அந்த விதியை உண்டாக்கியவளும் நான்தான். எதை எடுத்தாலும் என் கைதான் நீண்டிருக்கிறது.

இதில் கேவலம் என்னவென்றால், எங்களிடம் உண்மை இருந்தது. வளாகத்தில் யார் எங்கே எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறார்கள் என்று எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி இரண்டு நாள் முழுக்க நின்று குறித்திருந்தாள். மத்தியானம் மூன்றிலிருந்து நான்கு வரை, சலவைக்கூடத்தின் பின்புறம், பதினான்கு பேர், சராசரி நாற்பது நிமிஷம். மொத்த வளாகத்திலும் அதுதான் அதிகம். "மேடம், இந்த எடம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு, ஒரு தடவ மூணு மணிக்கு வந்து பாருங்களேன்" என்று அவள் சொன்னாள். எனக்கு வேறு கூட்டம் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தப் பதினான்கு பேருக்கும் ஒரு வாக்கியம் எழுதினேன். அது இன்னும் எனக்கு மனப்பாடம்: "முறையான பசுமைவெளி இல்லாததால் நோயாளிகள் சேற்றில் பொழுதைக் கழிக்கும் அவல நிலை." அந்த வாக்கியத்தைக் காட்டித்தான் திட்டத்துக்கு அனுமதி வாங்கினோம். அந்த இடத்தை ஒழிப்பதற்கு அந்த இடத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

மண் அள்ளும் இயந்திரம் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். மணி மூன்றேகால். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நோயாளி கோரைக்கு நடுவே நின்றார். வெறுங்கால். இயந்திரம் உறுமியது, அவர் நகரவில்லை. கையை ஆட்டவில்லை, கத்தவில்லை, சும்மா நின்று என்னைப் பார்த்தார். ஓட்டுநரையோ இயந்திரத்தையோ அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கையில் வரைபடம் வைத்திருந்தது நான் ஒருத்திதான், அதனால் இருக்கலாம். நான் காவலாளியைக் கூப்பிட்டு, ரொம்பத் தன்மையாக, "அவருக்கு அடிபட்டுடப் போகுது, கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றேன். இருவர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். அவர் போகும்போதும் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

சத்தம் கேட்டு லாண்டரிக்கா ஈரக் கையோடு ஓடிவந்தபோது பாதி இடத்தை வாரி எடுத்தாகிவிட்டது. வாரிக் குவித்த கோரையைப் பார்த்தார். பிறகு, "இத எடுத்துட்டு என்ன மேடம் வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். நான் உற்சாகமாகப் படத்தை விரித்தேன். முன்வாசல் பக்கம் ஒரு குளம், அதைச் சுற்றி இந்த மண்ணுக்கே உரிய மரங்கள், வளைந்து போகும் பாதை, பறவைகளுக்குப் பழச்செடி. வளாகத்தின் மிச்சத் தண்ணீர் எல்லாம் நாணல் பாத்தியில் வடிகட்டி அந்தக் குளத்துக்குப் போகும், ஒரு சொட்டு வீணாகாது. இங்கே பின்னால் என்ன என்று அவர் விரல் வைத்துக் கேட்டார். சரளைக்கல், வண்டி நிற்க, என்றேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு மேடம்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்!

தோட்டம் உண்மையிலேயே நன்றாக வந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆறே மாதத்தில் இருபத்து மூன்று வகைப் பறவைகள் வந்தன. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து பெருமூச்சு விட்டுப் போனார்கள். மனதுக்கு இதமாக இருக்கிறதா என்று கேட்ட படிவத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் ஆம் என்றார்கள். படிவத்தை நிரப்பியவர்கள் எல்லாம் ஊழியர்களும் பார்வையாளர்களும். நெடுநாள் தங்கியிருப்பவர்கள் முன்வாசல் பக்கம் வர வார்டிலிருந்து சீட்டு எழுதி வாங்க வேண்டும், சீட்டு எழுத ஆள் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அது நிர்வாகப் பிரச்சினை, வடிவமைப்புப் பிரச்சினை இல்லை என்று ஓர் அடிக்குறிப்பு போட்டுக் கைகழுவிவிட்டேன்.

பிறகு பரிசு. பிறகு புத்தகம். இன்னொரு மருத்துவமனைக்கும் இதேபோல் செய்யக் கூப்பிட்டிருந்தார்கள், அதற்காக ஊழியர்கள் ஆளுக்கு இரண்டு வரி சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஒரு கட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே கடைசியாகச் சலவைக்கூடத்துக்கும் போனேன். லாண்டரிக்கா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். அட்டையைப் பார்த்தவர் உள்ளே புரட்டவே இல்லை.

அட்டையில் ஒரு புகைப்படம். கோரைக்கு நடுவே ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார், கால் இரண்டும் தண்ணீரில். பக்கத்து நாற்காலிக் கையில் ஒரு தும்பி. எங்கள் புகைப்படக்காரர் ஆய்வு நடந்த காலத்தில் எடுத்தது. புதுத் தோட்டத்தில் எடுத்த நூறு படங்களில் எதிலும் அப்படி ஓர் அமைதி கிடைக்கவில்லை. அதனால் அதையே அட்டையில் போட்டு, கீழே 'இயற்கையின் மடியில்' என்று எழுதினோம். எந்த இடம், எந்த நாள் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

"இது என் தம்பி" என்றார் அக்கா. "இது உங்க தோட்டம் இல்ல மேடம். இது இங்க."

 அவர் குரலை உயர்த்தவில்லை. மடித்துக்கொண்டே சொன்னார். தினமும் மூன்று மணிக்கு மூத்தவனில் இரண்டாவது சுமையைப் போட்டுவிட்டு அவனைக் கூட்டிவருவாராம். முதல் வருஷம் பூராவும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பானாம். ஒரு நாள் கோரைத் தண்டில் ஒரு பூச்சி தண்ணீரிலிருந்து ஏறி வந்து, முதுகு வெடித்து, தும்பியாகி வெளியே வந்ததைக் கண்ணெடுக்காமல் பார்த்தானாம். அன்றைக்கு அவன் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். பேச்சு நின்றபின் அவனாக ஒருத்தரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப்பின் மற்ற நோயாளிகளும் வர ஆரம்பித்தார்கள். வயதானவர்களின் கால் சேற்றில் புதைகிறது என்று பார்த்துவிட்டு, குளியலறை பழுது பார்த்தபோது எறிந்த ஓடுகளைப் பொறுக்கிவந்து, யார் எவ்வளவு தூரம் எட்டு வைப்பார்கள் என்று கவனித்து ஒவ்வொன்றாகப் பதித்தான். அதற்கு அவனுக்கு இரண்டு வருஷம் ஆனது. நான் கட்டடக் கழிவு என்று குறி போட்டது அதைத்தான்.

"அன்னிக்கு மெஷினுக்கு முன்னாடி நின்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அவன்தான்."

ஒரு விரிப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். "இது அவன் படுத்தது. நேத்து மாத்தினது. பாருங்க, ஒரு கசங்கல் இருக்கா? பதிமூணு மாசமா இப்படித்தான் வருது. அசையாமப் படுத்திருக்கான். கூப்பிட்டா வரதில்ல, என் கையையும் தொடறதில்ல."

விரிப்பு பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. "நான் ஏதாவது பண்றேன்கா" என்று சொல்லிவிட்டு மிச்சப் புத்தகங்களோடு வெளியே வந்தேன்.

என்ன செய்தேன் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை. சரியாகச் சொன்னால் அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். புத்தகம் இரண்டாவது முறை அச்சுக்குப் போனது. படத்தை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று கேட்பார்களே. அடியில் இருந்த வாசகத்தை மட்டும் 'மருத்துவமனை வளாகத்தில்' என்று மாற்றினேன். வளாகம்தானே, பொய் இல்லையே! அதை மாற்றியபோது மனசாட்சிக்குப் பதில் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் லாண்டரிக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். விடுமுறை நாள் எடுத்துக்கொண்டு, பஸ் மாறி வந்திருக்கிறார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வரவேற்பில் இருக்கும் மெத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட உடை, மடியில் பை. நான் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். அவர் காத்திருந்தார். ஒன்றரை மணி நேரம். நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு செடிப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்து நான்கு வயதில், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைபோல் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அவர் போனபிறகு வரவேற்புப் பெண் வந்து சொன்னாள்: "மேடம், ஒரு அம்மா வந்திருந்தாங்க. அந்தத் தண்ணிக் குழாய எந்த இடத்துல மூடினீங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லணுமாம். மத்தத அவங்களே பாத்துக்கறாங்களாம்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. குழாய் வரைபடத்தைத் தேடி எடுத்தேன். சலவைக்கூடத்தின் பின்புறம், மாசடைந்த நீர் என்று நான் குறித்த இடத்துக்கு நேராக, பிளம்பர் தன் கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "மேல் டேங்க் வழியிற தண்ணி. நல்ல தண்ணி. குளத்துக்குத் திருப்பியாச்சு." சலவைக்கூடத்திலிருந்து ஒரு துளிகூட அங்கே போனதில்லை. மாடித் தொட்டி நிரம்பி வழிந்த குடிதண்ணீர்தான் அத்தனை வருஷமும் அங்கே சொட்டியிருக்கிறது. தலையை நிமிர்த்தி ஒரு தடவை மேலே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிளம்பரின் குறிப்புக்குக் கீழே என் ஒப்பம் இருந்தது. படிக்காமல் போட்டது.

மறுநாள் காலை வரைபடத்தோடு போனேன். அக்கா இளையவனுக்குள் தலையை விட்டு ஏதோ தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "நேத்து ஆபீஸ்லதான இருந்தீங்க?" என்றார்.

"ஆமாக்கா."

"தெரியும். உங்க பூட்ஸ் வாசல்ல இருந்துச்சு."

கையை நீட்டி வரைபடத்தை வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

குழாயைத் திறப்பது அரை மணி நேர வேலை. அதற்கு அனுமதி வாங்க நான் எழுதிய கடிதம்தான் என்னைக் கொன்றது. ஆய்வு தவறு, தண்ணீர் சுத்தமானது, நோயாளிகள் உண்மையில் பயன்படுத்திய ஒரே இடத்தை நான் அழித்தேன், அட்டைப்படம் அந்த இடத்துடையது, என் தோட்டத்துடையது அல்ல. இதை எழுதிக் கண்காணிப்பாளருக்கும், பரிசு கொடுத்தவர்களுக்கும், எங்கள் முதலாளிக்கும் அனுப்பினேன். பரிசு கொடுத்தவர்கள் கடிதம் கிடைத்தது என்று இரண்டு வரி எழுதினார்கள். முதலாளி என் மேசைக்கே வந்துவிட்டார். "ஒரு சொட்டு வீணாகலன்னு சொல்லித்தானே சான்றிதழே வாங்கினோம்? இப்ப நீயே போய் குழாயத் திறந்துவிடப் போறியா? உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார். ஏழாம் வார்டு ஞாபகம் வந்தது. திறக்கத்தான் போகிறேன் என்றேன். ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. கண்காணிப்பாளருக்கு இதில் ஒன்றும் சிக்கல் இல்லை. அந்தச் சரளைக்கல்லில் வண்டி எதுவும் நிற்பதே இல்லை என்றார்.

சரளையை நாங்களே அள்ளினோம். அக்கா, சலவைக்கூடத்தில் இன்னும் இரண்டு பெண்கள், நான். அள்ளும்போதே எனக்குக் கை நமநமத்தது. இந்தப் பக்கம் கோரை நாற்று வைக்கலாம், அந்தப் பக்கம் சேம்பு, ஓரத்துக்கு ஒரு நிழல் மரம் என்று ஆரம்பித்தேன். அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணும் நட வேணாம் மேடம். தண்ணி வந்தா அது அதுவா வரும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருப்பதற்கு எனக்கு யாரும் இதுவரை சொல்லிக்கொடுத்ததில்லை. இருந்தாலும் இருந்தேன். தண்ணீர் சொட்டியது. இரண்டு மாதம் வெறும் சேறு. மூன்றாம் மாதம் எங்கிருந்தோ கோரை குத்திக்கொண்டு வந்தது. பிறகு தவளை கத்தியது. பழைய பதினான்கு பேரில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஒருவர் இறந்துவிட்டார், மிச்சப் பேரில் ஒன்பது பேர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒரு கிழவர் தன் நாற்காலி எங்கே என்று என்னிடம் கேட்டார். குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? புதிதாக ஒன்று கொண்டுவந்து போட்டேன். அவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். அக்கா ஆஸ்பத்திரிப் பழுது வேலையில் எறிந்த ஓடுகளை வாங்கிவந்து சுவரோரம் குவித்து வைத்தார். பதிக்கவில்லை. "அது அவன் வேலை" என்றார்.

அவன் மட்டும் வரவில்லை. நான் வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று மணிக்குத் தவறாமல் போய் நின்றேன். கையில் குறிப்பேடு. என்னென்ன முளைத்திருக்கிறது, யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று எழுதினேன். பழக்கதோஷம். மனதுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது, மறைப்பானேன்? அவன் வருகிற அன்று நான் அங்கே இருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகாவது எனக்கு நிம்மதியாக மூச்சு வரும் என்று நம்பினேன்.

ஏழாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, பின்கதவு திறந்தது. அக்கா முன்னால், அவர் தோளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை. அவனை நான் சரியாகக் கவனித்துப் பார்த்தது அன்றுதான். மெலிந்த முகம், காதோரம் நரை, அக்காவின் அதே அகன்ற நெற்றி. அவன் முதலில் கோரையைப் பார்த்தான். பிறகு தண்ணீரை. வாசற்படியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

கையிலிருந்த குறிப்பேட்டை நான் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அதற்குள் காலை மேலே எடுத்துக்கொண்டு அவன் உள்ளே போய்விட்டான். ஓடவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனான்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. "மேடம், நீங்க கிளம்புங்க" என்றார்.

"அக்கா, நான் அவர்கிட்ட ஒரு தடவ மன்னிப்பு மட்டும்..."

"அத வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? அவனுக்கு இந்த எடம் வேணும். நீங்க அதுல நிக்கறீங்க." குரல் கொஞ்சம் தணிந்தது. "இனிமே வராதீங்க மேடம். குறையா நினைச்சுக்காதீங்க. நீங்க இருந்தா அவன் வர மாட்டான்."

சரி என்று தலையை ஆட்டினேன்.  சுற்றுச்சுவரில் இருக்கும் சின்னக் கதவு வழியாக வெளியே வந்து சாத்தினேன். பின்சந்தில் ஒரு மினிலாரி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது.  இருபது வருஷமாக மனிதர்கள் எங்கே நிம்மதியாக உட்காருவார்கள் என்று வரைந்துகொடுத்துச் சம்பாதித்தவள் நான். அந்த ஒரு மனிதன் நிம்மதியாக உட்கார வேண்டுமானால் நான் அங்கே இருக்கக் கூடாது. நடக்க வேண்டும் என்று நினைத்தேன், சுவரோரமே நின்றுவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பின்கதவு மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது.  பிறகு அக்காவின் குரல், நான் அதுவரை கேட்டிராத அளவு மெதுவாக.

"வாடா கண்ணு. அவங்க போயிட்டாங்க."